ஆண்கள் இல்லாத மூன்று நாள்

இர்மாவின் இரண்டு கைகளும் நேசா அத்தையின் இடது காலில் இருந்தன. அழுத்தக் காலுறையை வீங்கிய காலில் ஏற்றுவது பலத்தால் ஆகிற வேலை இல்லை. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, காலுறையைக் குதிகால்வரை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, முதலில் விரல்களை நுழைத்து, பிறகு உள்ளங்கையால் தடவித் தடவி மேலே கொண்டுபோக வேண்டும். எங்காவது ஒரு மடிப்பு விழுந்தால் மத்தியானத்துக்குள் அந்த இடம் கன்றிச் சிவந்துவிடும். அதுவும் காலையில், கால் கட்டிலிலிருந்து தொங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். இர்மாவுக்கு ஒரு காலுக்கு ஒரு நிமிடம் ஆகும்.

“வர்ற வெள்ளிக்கிழமை இதை யாரு போடுவா?” என்றாள் அத்தை. வயது எண்பத்தெட்டு. வீக்கமெல்லாம் காலில்தான்; நாக்கில் ஒரு வீக்கமும் இல்லை.

“தெக்லா.”

“அவ டீச்சரா இருந்தவ. காலைப் பாத்தா நீளம் அகலம் கேப்பா.”

“நாலு நாளா பழகிக்கிட்டிருக்கா. நாற்காலிக் கால்ல போட்டுப் போட்டுப் பாத்தாச்சு.”

“நாற்காலி ஐயோன்னு கத்தாதுடீ. நான் கத்துவேன்.”

“கத்துங்க. அவளுக்குக் காது மந்தம். அதுக்காகத்தான் அவளைப் பிடிச்சேன்.”

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்தால் கால் தளரும். அந்த நேரம் பார்த்து இர்மா காலுறையை முழங்கால்வரை ஏற்றிவிட்டாள்.

வரப்போகும் வெள்ளிக்கிழமைக்காக இர்மா மூன்று வருடமாகக் காத்திருந்தாள். சரியாகச் சொன்னால் பன்னிரண்டு வருடமாக.

பாடியா பள்ளத்தாக்கின் ஆண்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில், சபியோனா மலைக்கோயிலுக்கு நடந்து போவார்கள். போய்வர மூன்று நாள். ஊர் ஊராக வரிசை, வரிசைக்கு முன்னால் அந்தந்த ஊரின் சிலுவை, வழி முழுக்க ஜெபமாலை. ஆண்கள் மட்டும்தான். ஏன் என்று கேட்ட பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே பதில்: எப்பவும் அப்படித்தான்.

இர்மா கேள்வி கேட்பதை விட்டுவிட்டுக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். ஜூன் நடுவில் மாடுகள் மேல் மேய்ச்சலுக்குப் போய்விடுகின்றன. புல் அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கோடை விருந்தாளிகள் ஜூலையில்தான் வருகிறார்கள். இதோடு ஆண்களும் வீட்டில் இல்லை. பால் கறக்க வேண்டாம், வைக்கோல் உலர்த்த வேண்டாம், நாலு விருந்தாளி அறைகளுக்கும் விரிப்பு மாற்ற வேண்டாம், மூன்று வேளை அடுப்பு மூட்ட வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணின் கைக்கு வேலையில்லாத மூன்று நாள் உண்டு என்றால் அது இதுதான். தவறவிட்டால் அடுத்தது மூன்று வருடம் கழித்து.

மூன்று தடவை தவறிவிட்டது. முதல் தடவை, சீசனுக்கு முன்பே வந்து தங்கியிருந்த ஒரு பெண்மணி படிக்கட்டில் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். கட்டுப் போட்ட காலோடு அவளை எங்கே அனுப்புவது? அடுத்த தடவை, சினையாக இருந்ததால் மலைக்கு அனுப்பாத ஒரே ஒரு மாடு, சரியாக அந்த வெள்ளிக்கிழமை பார்த்து இரட்டைக் கன்று போட்டது. போன தடவை நேசா அத்தை குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். “வேணும்னு விழல” என்று அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இர்மாவுக்கு இப்போது அறுபத்தொன்று. அடுத்த தடவைக்கு அறுபத்துநாலு. அவள் நாள்காட்டியை நம்புவாள்; முழங்கால்களை நம்பமாட்டாள். எத்தனை முழங்கால்களைப் பார்த்திருக்கிறாள்!

பத்தொன்பது வயதில் புருனெக் நகரில் பராமரிப்புப் பயிற்சி முடித்தவள். முப்பத்தெட்டு வருடம் ஒரு சிறிய காரில் பள்ளத்தாக்கை மேலும் கீழும் சுற்றி, படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, புண் ஆற்றி, சோறு ஊட்டியவள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பாள். “இர்மா வந்தாச்சு, கம்பளியை இழுத்துப் போர்த்துங்க” என்று கிழவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அவள் வராத நாளில் அவர்களே ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டதும் உண்டு. ஓய்வு பெற்ற வாரமே, கணவன் வீயோவின் அத்தையான நேசாவை வீட்டோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டார்கள். சம்பளம் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை.

விடுமுறை என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அடுத்தவர் விடுமுறையாக. லா வால் ஊரில் அவர்கள் வீட்டின் தெற்குப் பக்க அறைகள் நாலும் விருந்தாளிகளுக்கு. பால்கனி, ஜெரானியப் பூ, எதிரே சாயங்காலம் சிவக்கிற சிலுவைப்பாறை மலை. வீட்டுக்காரர்கள் தூங்குவது வடக்குப் பக்கம், தொழுவத்தைப் பார்த்த அறையில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெற்கறைக் கட்டில்களில் அவள் விரித்த விரிப்புகளைக் கணக்கில் எடுக்க முடியாது. ஒன்றில்கூடப் படுத்ததில்லை.

அவளுடைய விருந்தாளிகளில் லூடர்ஸ் என்று ஹாம்பர்க்காரர் ஒருவர். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு ஜூலையும் வருகிறார். வந்த மறுநாள் காலையில், தவறாமல், முட்டையைத் திருப்பி அனுப்புவார். இன்னும் அரை நிமிடம் வேக வேண்டும் என்பார். அதற்கு அடுத்த நாளிலிருந்து எப்படி வேகவைத்தாலும் வாய் திறக்கமாட்டார். ஒரு வருடம் இர்மா கேட்டேவிட்டாள்.

“முட்டையில என்னதான் குறை? சொல்லுங்க, சரி பண்ணிடறேன்.”

அவருக்குக் காது சிவந்துவிட்டது. “குறை ஒண்ணும் இல்லம்மா. வீட்டுல என் முட்டையை நானேதான் வேகவெச்சுக்கறேன். கல்லு மாதிரி இருந்தாலும் முழுங்கணும், தண்ணி மாதிரி இருந்தாலும் முழுங்கணும். இங்க வந்து அதைத் திருப்பி அனுப்பினாத்தான் எனக்கு லீவு ஆரம்பிக்கும்.”

இர்மா அன்று எரிச்சலோடு சமையலறைக்குப் போனாள். ஆனால் அந்தப் பேச்சை மறக்கவில்லை.

எங்கே போவது என்பதை வீயோவின் தங்கை ரோசினாவோடு உட்கார்ந்துதான் முடிவு செய்தாள். ரோசினா பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் அறை வாடகைக்கு விடுகிறவள்தான். அவள் புருஷனும் யாத்திரைக்குப் போகிறவன்தான். பிப்ரவரியிலேயே, வெளியே இடுப்பளவு பனி கிடந்தபோது, இர்மாவின் சமையலறை மேசையில் பார்லி சூப்பைக் குடித்துக்கொண்டே திட்டம் போட்டார்கள்.

“கடலுக்குப் போவோம் அண்ணி.”

“மூணு நாள்ல கடலுக்குப் போய் வர்றதுலயே ரெண்டு நாள் ஓடிடும். அங்க போய் மணலைக் கூட்டிக்கிட்டிருப்பே.”

“அப்ப எங்க?”

“சான் காஸ்சியான்.”

ரோசினா கரண்டியைக் கீழே வைத்தாள். “அண்ணி, அது பஸ்ஸுல முக்கால் மணி நேரம்.”

“ஆமா.”

“என் பல் டாக்டர் அதைவிட தூரத்துல இருக்காரு.”

“அங்கேயிருந்து பாத்தா சிலுவைப்பாறை தெரியாது. வேற மலை தெரியும். எனக்கு வேற மலை பாக்கணும்.”

“வேற மலையா? அதே மலைத்தொடரோட இன்னொரு பக்கம் அது. நீ பாக்கறது முகம், அவங்க பாக்கறது முதுகு.”

“நாப்பது வருஷமா முகத்தையே பாத்தாச்சுடீ. முதுகு எப்படி இருக்குன்னு பாக்கலாமே.”

அவள் சொல்லாத காரணம் வேறு. ஏதாவது ஆனால் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பலாம். அது ரோசினாவுக்கும் தெரியும். ஆனால் அவளும் அதைச் சொல்லவில்லை. ‘வெயில்வீடு’ என்ற விடுதியில் பால்கனி வைத்த இரண்டு அறைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். ஒரே அறை போதாதா என்று ரோசினா கேட்டாள். “நீ குறட்டை விடுவே. காசு குடுத்து அதைக் கேக்கணுமா?” என்றாள் இர்மா.

தெக்லாவுக்காக எழுதிய குறிப்பு நாலு பக்கம் வந்தது. எந்த மாத்திரை எந்த வேளை. தலையணையை எந்தப் பக்கம் முட்டுக்கொடுக்க வேண்டும். எழுப்பி உட்கார வைக்கும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம் என்பார்கள், கேட்காதே, கொடு. எழுதி முடித்து அத்தையிடம் படிக்கக் கொடுத்தாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் இரண்டு வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் ஒன்று சேர்த்தாள்: சாயங்காலம் ஒரு சின்னக் கோப்பை சிவப்பு வைன்.

“இது டாக்டர் சொல்லலையே.”

“டாக்டருக்கு எண்பத்தெட்டு வயசு ஆகட்டும், அப்பச் சொல்லுவாரு.”

இப்படியாக எல்லாம் தயார். வியாழக்கிழமை மத்தியானம் பெட்டிகூட அடுக்கியாகிவிட்டது. பல்துலக்கி உட்பட. மறுநாள் காலைக்கு வேறு ஒன்று வைத்திருந்தாள்; திட்டம் போடுகிறவள் அப்படித்தான் போடுவாள். மூன்று மணிக்கு வீயோ பங்குக் கூடத்தில் நடந்த யாத்திரைக் கூட்டத்திலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, சமையலறை பெஞ்சில் உட்கார்ந்தான்.

“நான் போகல.”

இர்மா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “ஏன்?”

“முழங்கால்.”

“எந்த முழங்கால்?”

வீயோ குனிந்து பார்த்தான். “இது.” வலது.

அவள் அவனைப் பெஞ்சில் நீட்டிப் படுக்க வைத்தாள். முட்டியை மடக்கினாள், நீட்டினாள், சில்லுக்குக் கீழே விரலால் அமுக்கினாள், பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாள். வீக்கம் இல்லை. சூடு இல்லை. உள்ளே நறநறவென்று ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் வீயோ கொஞ்சம் தாமதமாக “ஆ” என்றான். வலிக்கு நேரம் தெரியும். அமுக்கும்போதே வரும், யோசித்துவிட்டு வராது.

“சிலுவையை யாருக்குக் குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

வீயோ கூரையைப் பார்த்தான். “கொன்ராடுக்கு.”

பதினெட்டு வருடம், அதாவது ஆறு யாத்திரை, லா வால் ஊரின் சிலுவையைச் சுமந்து வரிசைக்கு முன்னால் நடந்தவன் வீயோ. வேறு எதிலும் அவன் முன்னால் நின்றவன் இல்லை. கூட்டத்தில் வாய் திறக்கமாட்டான், பாட்டுக்குழுவில் கடைசி வரிசை. மூன்று வருடத்துக்கு மூன்று நாள்தான் அவனுக்கு முதலிடம். கொன்ராடுக்கு முப்பத்திரண்டு வயது, தோள் அகலம், பார்க்கவும் நன்றாக இருப்பான். கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல்.

இர்மாவுக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவது கல்யாணத்தில் சகஜம். வீயோ நல்லவன். ஆனால் நாற்பது வருடத்தில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாதவன். அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் காலை ஒரு போன், மத்தியானம் ஒரு போன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூன்று நாள் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை விட்டுவிட்டு அவளால் பால்கனியில் உட்கார முடியாது. அது அவளுக்கே தெரிந்தது.

இர்மா அழுகிறவள் இல்லை. படுக்கையறைக்குப் போனாள். பெட்டியைத் திறந்தாள். பல்துலக்கியை எடுத்து மறுபடியும் குவளையில் வைத்தாள்.

அந்தச் சின்னச் சத்தம் அடுத்த அறையில் சாய்வு நாற்காலியில் இருந்த அத்தைக்குக் கேட்டது. சமையலறையில் பேசியதும் கேட்டிருந்தது. இருபத்தாறு வருடம் பங்குப் பாதிரியார் வீட்டில் சமையல்காரியாக இருந்தவள். கதவு வழியாகக் கேட்பதில் அவளுக்குப் பயிற்சி உண்டு.

“வீயோ! இங்க வாடா.”

வீயோ நொண்டிக்கொண்டு வந்தான்.

“யாத்திரைக்குப் போகலையாமே? ரொம்ப நல்லதாப் போச்சு. தெக்லா வேண்டாம்னு சொல்லிடு. எதுக்கு அக்கம்பக்கத்துல ஒருத்தியைக் கஷ்டப்படுத்தணும்? என் சொந்த அண்ணன் மகன் வீட்டுலயே இருக்கான். நீயே என்னைப் பாத்துக்கோ. இர்மா போகட்டும்.”

“நானா?”

“நீதான். நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கா. உனக்குப் படிக்கத் தெரியுமில்ல?”

இர்மா வாசலில் வந்து நின்றாள். அத்தை அவளைப் பார்க்கவே இல்லை. “இர்மா, இவனுக்குக் காலுறை போடக் கத்துக் குடு. இப்பவே. அந்த ரப்பர் கையுறையை எடு.”

என்ன நடக்கிறது என்று இர்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகத்தை நேராக வைத்துக்கொண்டாள். பயிற்சி கொடுப்பது அவளுக்குப் புதிதில்லை.

“முதல்ல ஜன்னலைத் திற. அப்புறம் கை கழுவு. இப்ப கீழே உக்காரு. அத்தை காலை உன் தொடையில வெச்சுக்கோ. இல்ல, இழுக்காதே. அது கால், கயிறு இல்ல.”

முதல் தடவை காலுறை பாதி ஏறிச் சுருண்டது. இரண்டாம் தடவை குதிகால் முன்பக்கம் வந்தது. மூன்றாம் தடவை அத்தையின் கால் நடுவில் கட்டிய பன்றித் தொத்திறைச்சி போல் இருந்தது. அத்தை ஒவ்வொரு தடவையும், வலித்ததோ இல்லையோ, பங்குக் கோயில் வரை கேட்கிற மாதிரி கத்தினாள்.

“கொலை பண்றான்! என் அண்ணன் இருந்தா கேப்பான்!”

“அத்தை, கொஞ்சம் பொறுங்க…” வீயோவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

“பரவாயில்ல, நாளைக்குக் காலையில பழகிடும்” என்றாள் இர்மா. “இப்போ கழிப்பறை நாற்காலி. இந்தப் பக்கம் நின்னு, இப்படித் தூக்கி, இப்படித் திருப்பி உக்கார வைக்கணும். முடிஞ்சதும் துடைக்கறது முன்னாலேருந்து பின்னால.”

வீயோ நிமிர்ந்து பார்த்தான். “இது ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“அவங்களுக்கு வரும்போதெல்லாம்.”

“ராத்திரி?”

“ராத்திரி ரெண்டு.”

“மூணு” என்றாள் அத்தை. “வைன் குடிச்சா நாலு.”

வீயோ காலுறையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இர்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

“வீயோ, அரை மணி நேரமா ரெண்டு முட்டியும் தரையில ஊன்றி உக்காந்திருக்கே.”

வீயோ கீழே பார்த்தான். தன் முழங்கால்களை அப்போதுதான் கண்டுபிடித்தவன் போலப் பார்த்தான். அத்தைதான் முதலில் சிரித்தாள். பிறகு இர்மா. கடைசியில், காது வரை சிவந்து, அவனும்.

“முட்டி குணமாயிடுச்சு” என்றாள் அத்தை. “சபியோனாவுக்குப் போகாமலே அற்புதம். புண்ணியம் எனக்கு.”

வீயோ எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னான்: “சிலுவை இல்லாம எப்படி அத்தை நடக்கறது? கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியாது எனக்கு.”

“கால்சட்டைப் பையில வெச்சுக்கோ. இத பாருடா. எங்க பாதிரியார் எத்தனை யாத்திரை போனவரு! அவர் சொல்லுவாரு, முன்னால போறவனுக்குச் சிலுவை, நடுவுல போறவனுக்கு ஜெபம், கடைசியில போறவனுக்குப் பன்றியிறைச்சி. பதினெட்டு வருஷம் உனக்கு முன்னால யாரும் இல்ல, பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்ல, எதிர்க்காத்து, எதிர்வெயில். பின்னால என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?”

“என்ன நடக்குது?”

“போய்ப் பாரு. உன் மச்சான் ஒவ்வொரு தடவையும் ரெண்டு கிலோ கூடித் திரும்பி வர்றானே, அது ஜெபத்துலயா?”

வீயோ யோசித்தான். பிறகு எழுந்து, நொண்டாமல், நிலவறைக்குப் போனான். புகையூட்டிய இறைச்சியை அவன் அறுக்கிற சத்தம் மேலே கேட்டது. சின்னத் துண்டு இல்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. இர்மா குவளையிலிருந்த பல்துலக்கியை எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது கோயிலின் எல்லா மணியும் அடித்தது. பெண்கள் கோயில் வாசலில் நின்றார்கள். கொன்ராட் சிலுவையைத் தூக்கியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனான். வீயோ கடைசி வரிசையில் போனான். ஒரு கை கால்சட்டைப் பையில் இருந்தது. ரோசினாவின் புருஷன் அதற்குள்ளாகவே அவன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பும் இடத்தில் வீயோ பின்னால் பார்த்து, ஜெபமாலையோடு கையைத் தூக்கி ஆட்டினான்.

இர்மா வீட்டுக்கு வந்து அத்தையின் இடது காலில் காலுறையைப் போட்டாள். வலது காலைத் தெக்லா போட்டாள். ஆறு நிமிடம் ஆனது, மடிப்பு இல்லை. அத்தை ஒரு சத்தமும் போடவில்லை.

“அவகிட்ட கத்தி என்ன பிரயோஜனம்?” என்றாள்.

இர்மா கோட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு தண்ணீர் ஜாடி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். தலையணையை நகர்த்தினாள். கூப்பிடு மணி கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடி தலையணையை நகர்த்தினாள்.

“இர்மா” என்றாள் அத்தை.

“என்ன அத்தை?”

“உனக்கு மட்டும்தான் லீவுன்னு நினைச்சியா? மூணு வருஷமா நேரத்துக்கு எழுப்பறே, நேரத்துக்குத் தண்ணி குடுக்கறே, நேரத்துக்கு ஜன்னலைத் திறக்கறே. எனக்கும் உன்கிட்டேருந்து மூணு நாள் வேணும். பஸ் போயிடும், கிளம்புடீ.”

இர்மா கிளம்பினாள். பேருந்தில் ஏறிய பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரோசினா என்ன என்று கேட்டாள். “எனக்கு லீவு குடுத்தவங்க பேரைச் சொன்னா நீ நம்பமாட்டே” என்றாள்.

வெயில்வீட்டில் எல்லாம் சொன்னபடியே இருந்தது. பால்கனி, பூ, வேறு மலை. மலையின் முதுகு முகத்தைவிட மோசமில்லை. இர்மா அறைக்குள் போனதும் ஜன்னலைத் திறந்தாள். கட்டிலின் உயரத்தைத் தொடையால் அளந்து பார்த்து, முதியவர்களுக்குத் தாழ்வு என்று மனதில் குறித்துக்கொண்டாள். ரோசினா அதற்குள் விளக்கின் மேல் விரலை ஓட்டித் தூசி பார்த்துவிட்டு, அது இல்லாததால் ஏமாந்து போய்க் கம்பளத்தின் குஞ்சத்தை நேராக்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஓடைக்கரையில் நடந்தார்கள். பெஞ்சு கண்ட இடத்தில் எல்லாம் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவருடைய தோட்டத்தில் துணி உலர்வதைப் பார்த்து, “மழை வரும் போலிருக்கே, எடுக்கணுமே” என்று ரோசினா எழுந்தாள். இர்மா அவள் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஆறு மணிக்கு இர்மா வீட்டுக்குப் போன் செய்தாள். தெக்லாதான் எடுத்தாள், காது மந்தமானவர்கள் எல்லோரையும் போல அவளும் கத்திப் பேசினாள்.

“எல்லாம் நல்லாயிருக்கு! பக்கத்து வீட்டு ரெண்டு பேரும் வந்திருக்காங்க! சீட்டு ஆடறோம்!”

“அத்தைகிட்ட குடு.”

கொஞ்ச நேரம் பேச்சுக்குரல்கள். பிறகு தெக்லா: “இப்ப வர முடியாதாம்! கையில நல்ல சீட்டு இருக்காம்!”

“தண்ணி குடிச்சாங்களா? குறிப்புல மூணாவது பக்கத்துல…”

“அந்தக் குறிப்பு ரொம்ப உபயோகமா இருந்துது இர்மா! பின்பக்கம் வெள்ளையா இருந்துதில்ல, அதுலதான் பாயிண்ட் எழுதறோம்!”

இர்மா போனை வைத்தாள். பிறகு சாப்பிடக் கீழே போனாள்.

கீரை அடைத்துப் பொரித்த ரொட்டியும் பார்லி சூப்பும். நன்றாக இருந்தது. தன்னுடையதைவிடக் கொஞ்சம் உப்பு கம்மி என்று இருவருக்கும் தோன்றியது, இருவரும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ரோசினா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், இர்மா மேசையில் கிடந்த துணுக்குகளை உள்ளங்கையில் ஒதுக்கினாள். பரிமாறிய பெண் எவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க ரெண்டு பேரும் எந்த ஊர்ல ரூம் விடறீங்க?”

“முகத்துல எழுதியிருக்கா?” என்றாள் ரோசினா.

“தட்டுல எழுதியிருக்கு. பெரிய தட்டு கீழே, முள்கரண்டியெல்லாம் ஒரே பக்கம். விருந்தாளி யாரும்மா இப்படி அடுக்குவா?”

மாடிக்குப் போகும்போது இர்மா சொன்னாள்: “ஒரு நாள் ஓடிப்போச்சு ரோசினா. நாம இன்னும் லீவுல இல்ல. வேற ஒருத்தர் வீட்டுல வேலைக்கு வந்திருக்கோம்.”

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போலக் கண் விழித்தது. போட வேண்டிய காலுறை இல்லை, மூட்ட வேண்டிய அடுப்பு இல்லை. எழுந்திருக்காமல் படுத்தே இருப்பது என்று முடிவு செய்தாள். புதிதாக ஒரு பயிற்சி போலத்தான் இருந்தது. முதல் அரை மணி நேரம் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு ஒத்துக்கொண்டது. ஏழு மணிவரை படுத்திருந்து, வேறு மலையின் உச்சியில் வெயில் விழுந்து மெதுவாகக் கீழே இறங்குவதைப் பார்த்தாள். எழுந்து அடுத்த அறைக் கதவைத் தட்டினாள். ரோசினா முழுவதும் உடுத்தி, மெத்தை விரிப்பை உருவி, நாலாக மடித்து, கதவருகில் வைத்துவிட்டு, வெறும் மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடீ இது?”

“கை சும்மா இருக்கமாட்டேங்குது அண்ணி.”

“இன்னும் ஒரு ராத்திரி இங்க தூங்கணும். எதுல தூங்குவே?”

இர்மா அவளை இழுத்துக்கொண்டு கீழே போனாள். மடித்த விரிப்பு மடித்தபடியே கிடந்தது. ஜன்னல் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். எவி காப்பி கொண்டுவந்தாள், ரொட்டி கொண்டுவந்தாள், பிறகு ஆளுக்கு ஒரு முட்டை. இர்மா கரண்டியால் ஓட்டைத் தட்டித் திறந்தாள். வெள்ளை நன்றாக இறுகியிருந்தது. மஞ்சள் இளகி, விளிம்பில் மட்டும் கட்டியாகி, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. நாற்பது வருடமாக முட்டை வேகவைப்பவளுக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

“எவி.”

“சொல்லுங்கம்மா.”

இர்மா முட்டைக் கிண்ணத்தை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள். அவளுக்குக் காது சூடாவது தெரிந்தது. “இது இன்னும் அரை நிமிஷம் வேகணும்.”

எவி முட்டையைப் பார்த்தாள். இர்மாவைப் பார்த்தாள். பிறகு, உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததை மறைக்காமல், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள்.

ரோசினா வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் முட்டையையும் அவசரமாகத் தட்டித் திறந்தாள்.

“எவி!” என்று கத்தினாள். “ஒரு நிமிஷம் நில்லு! இதையும் எடுத்துட்டுப் போ!”